அப்பத்தாவின் ரவிக்கை

பாப்பா,

நேற்று ராத்திரி நீ அழுததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் பேசினால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். காலையில் வகுப்பு, மதியம் வார்டு, ராத்திரி ரெக்கார்டு நோட்டு. ஆறு மாத நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குள் இத்தனையையும் திணித்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? முடியவில்லை என்றால் வந்துவிடு, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படி.

பக்கவாதம் வந்து அப்பத்தா படுத்திருந்த இரண்டு வருஷமும், தினம் ரவிக்கை மாட்டுவதுதான் எனக்குப் பெரும்பாடு. நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, விளங்காத கையை வளைத்து இழுப்பேன். அவர் "ஐயோ ஆத்தா" என்று கத்துவார். போன மாதம் நீ சாதாரணமாகச் சொன்னாய்: "விளங்காத கையைத்தான்மா முதலில் போடணும், கழற்றும்போது நல்ல கையை." அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா!

அப்புறம் அந்தப் படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆனபோது மருந்துச் சீட்டைத் தந்தார்கள், இதை ஒருவரும் சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று ராத்திரி முழுக்க மல்லாக்கவே விட்டுவிட்டேன். இடுப்புக்குக் கீழே சிவந்தது. சூட்டுக்கட்டி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பிறகு தோல் உரிந்தது.

நீ அப்போது பத்தாம் வகுப்பு. பக்கத்தில் நின்று துணி பிடித்தாய், மூக்கைப் பொத்தவில்லை. வேலை முடிந்த பிறகுதான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாய். எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? இப்போது டயபர் மாற்றும்போது குமட்டுகிறது, இந்த வேலை எனக்கு ஒத்துவராது என்கிறாய். அன்றைக்கும்தானே குமட்டியது?

சரி, ஆஸ்பத்திரியில் எந்தக் கழிவு எந்தக் கலர் குப்பைத்தொட்டிக்குப் போகும் என்பது மறந்துபோகிறது என்றாயே. நீ ஒப்பித்ததைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன். இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், பிளாஸ்டிக் குழாய் சிவப்பு, ஊசி வெள்ளை டப்பா, கண்ணாடி நீலம். தினம் எட்டரைக்கு நான் மாற்றி மாற்றிக் கேட்கிறேன், நீ சொல்லு. மூச்சு எண்ணுவதைப் பக்கத்துக் கட்டிலில் தூங்கும் பிள்ளையிடம் பழகு, முழுசாக ஒரு நிமிஷம். எண்ணப்போகிறோம் என்று ஆளிடம் சொன்னால் மூச்சு மாறிவிடும் என்றாயல்லவா, நிஜம்தான். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு எண்ணினேன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி நெஞ்சை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அந்தப் பக்கம் வருகிறார், பருப்புப்பொடி கொடுத்துவிடுகிறேன். நாள் முழுக்க நின்று குதிகால் வலிக்கிறது என்றாயே, மெத்தென்று ஒரு ஷூவும் வாங்கிவிடலாம். உன் சைஸ் ஆறா, ஏழா? சனிக்கிழமைக்குள் சொல்லு.

அம்மா