தமிழ் கேட்டுக் காது நிமிர்த்திய நாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெள்ள நிவாரணச் செய்திகளுக்கு நடுவே ஒரு சிறிய அறிவிப்பு வந்திருந்தது. வெள்ளத்தில் மீட்ட நாய்களையும் பூனைகளையும் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள். ஏழு நாளுக்குள் உரியவர் வராவிட்டால், விரும்பிக் கேட்பவர்களுக்கு வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். அறிவிப்பைக் கொடுத்தவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த 'ஏழு நாள்' என்ற சொல்லைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே பர்மாவில் மண்டலே நிலநடுக்கத்துக்குப் பிறகு நானும் ஒரு நாயை அப்படித்தான் கொடுத்தேன். நான் ஏழு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாளே கொடுத்துவிட்டேன். அது வேறொருவர் வீட்டு நாய்.

நான் யாங்கூனில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மனிதர்களுக்கான மருந்தோடு கோழி, மாடு, நாய்க்கான மருந்தும் விற்கிறேன். கால்நடை மருத்துவன் அல்லன். முப்பது வருடமாக நாய்க்கடி, சொறி, குடற்புழு என்று கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பழகியவன், அவ்வளவுதான்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12.50 மணி. யாங்கூனில் எங்கள் கடை அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. எங்களுக்கு அவ்வளவுதான். வடக்கே 7.7 அளவில் பூமி பிளந்திருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடி 6.7. சகாயிங்கிலும் மண்டலேயிலும் வீடுகளும் பௌத்த மடங்களும் தொழுகை நடந்துகொண்டிருந்த பள்ளிவாசல்களும் சரிந்தன. 1934இல் கட்டிய அவா பாலம் ஐராவதியில் விழுந்து கிடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் போய்விட்டதால் எங்கள் சொந்தக்காரர்கள் உயிரோடிருக்கிறார்களா என்பதே எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இத்தனை மனித உயிர் போயிருக்கும்போது நாய்க்கு என்ன அவசரம் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. நானும் முதலில் நாய்க்காகப் போகவில்லை. எங்கள் பகுதிக் கோயில் ஒன்றிலிருந்து அரிசியும் குடிநீரும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி புறப்பட்டது. மருந்துப் பெட்டிகளோடு அதில் ஏறினேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, விரிசல் விட்ட வீட்டைவிட்டு வர மறுத்து உட்கார்ந்திருந்த முதியவர்களில் சிலர் ஒரு நாயை உத்தேசித்து உட்கார்ந்திருந்தார்கள் என்று. "இவளை யார் பார்ப்பார்கள்?" என்பார்கள். 2008 மே மாத நர்கிஸ் புயலுக்குப் பிறகு, எருமைகள் அடித்துக்கொண்டு போனதால் உழுவதற்கு வழியில்லாமல் தவித்த ஐராவதி டெல்டா விவசாயிகளை எங்கள் தலைமுறை மறக்காது. வீட்டுப் பிராணியை வீட்டிலிருந்து பிரித்துக் கணக்குப் பார்க்க முடியாது.

மண்டலேக்குத் தெற்கே ஒரு சிறிய காப்பகம். நடத்தியவர் ஒரு பர்மிய அம்மையார். சுற்றுச்சுவர் முழுதும் விழுந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் சேறாகிவிட்டது. இடக் கையில் கட்டோடு, தார்ப்பாய்க்கு அடியில் நாய்களுக்கு நடுவிலேயே படுத்திருந்தார். முப்பத்தொரு நாய்கள். எல்லாம் நிலநடுக்கத்துக்கு முன்பே தெருவிலிருந்தும் மடங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவை. தேடி வர யாரும் இல்லாதவை. இதற்கு மேல் நாளுக்கு இரண்டு மூன்று புதிய நாய்களை மக்கள் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வைக்க இடமில்லை, பொங்கிப் போட அரிசி இல்லை.

எங்கள் லாரி காலியாகத் திரும்ப வேண்டியிருந்தது. "பழைய நாய்களைக் கொண்டுபோய் யாங்கூன், பகோ பக்கம் நல்ல இடத்தில் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் புதிதாக வருகிறவற்றை இங்கே வைக்க முடியும். அவற்றைத் தேடி ஆள் வரும்" என்றார் அந்த அம்மையார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஏற்றியது இரவில். பகலில் நாற்பது டிகிரி வெயில். மூடிய லாரியில் நாய் தாங்காது. மயக்க மருந்து கொடுத்து ஏற்றலாம் என்றார் எங்களோடு வந்தவர். நான் கூடாது என்றேன். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மயங்கிக் கிடந்தால் அதுவும் முடியாது. மூங்கிலால் அறை பிரித்து, ஈரச் சாக்கு விரித்து, குட்டி போட்டவளைத் தனியே வைத்தோம். விளக்கு இல்லை. நடுவில் பூமி ஒரு முறை அதிர்ந்தது; நாய்கள் ஒரே குரலில் ஊளையிட்டன. அந்தக் குழப்பத்தில் புதியவற்றைக் கட்டியிருந்த பக்கத்திலிருந்தும் ஒன்றை அவிழ்த்து ஏற்றிவிட்டோம். எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் முப்பத்திரண்டு என்று வந்திருக்கும்.

விடியற்காலையில் மெய்க்திலா அருகே நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். பர்மிய மொழியில் "லா, லா" என்று கூப்பிட்டதும் எல்லாம் முண்டியடித்து வந்தன. பழுப்பு நிற நாய் ஒன்று மட்டும் மூலையில் தலையைக் காலுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தது. எனக்கும் அலுப்பு. தட்டை அதன் பக்கம் தள்ளி, "வாடா, தண்ணீர் குடி" என்றேன், தமிழில், என்னை மறந்து. உடனே காது இரண்டும் நிமிர்ந்தன. வலக் காதின் நுனி மட்டும் மடிந்து நின்றது. எழுந்து வந்து, தண்ணீரைத் தொடாமல், என் முழங்காலில் மூக்கை வைத்து வாலை ஆட்டியது. லாரி ஓட்டியவரும் தமிழர்தான். "அண்ணே, நம்ம ஊர் நாய் போலிருக்கிறதே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தெருவில் வளர்ந்த பர்மிய நாய்க்குத் தமிழ் எங்கிருந்து வரும் என்று அப்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? மண்டலேயில் தமிழ் வீடுகள் எண்ணிவிடக்கூடியவை. கோயிலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே நாளில் வீடு தெரிந்திருக்கும். இன்னும் கேளுங்கள். அதன் கழுத்தில் நைந்துபோன மஞ்சள் கயிறு இருந்தது. அடியில் உண்ணிகள் கடுகு சிதறியதுபோல் அப்பியிருந்தன. மருந்து தடவ வசதியாகக் கயிற்றைக் கத்தரித்துச் சாலையோரம் எறிந்தேன். கோயிலில் கட்டிய கயிறு என்பது என் கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை.

காப்பக நாய்களுக்கு இடம் தேடிய கதை நல்ல கதை. பர்மியப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில் மீன்களை ஆற்றில் விடுவதும் அறுப்புக்குப் போகும் மாட்டை விலைகொடுத்து விடுவிப்பதும் இங்கே பெரிய புண்ணியம். அந்த மனநிலையில் இருந்தவர்களிடம் கேட்டபோது கை கொடுக்காதவர்கள் குறைவு. மூன்று கால் நாயை ஒரு தேநீர்க் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இன்றும் கல்லாவுக்குக் கீழே படுத்திருக்கிறது. கிழட்டு நாய்கள் நான்கையும் ஒரு மடத்தின் தலைமைத் துறவியான சயாடோ பொறுப்பேற்றார். திரும்பி வந்தவை மூன்று. அவற்றுக்கும் பிறகு வேறு இடம் கிடைத்தது. அந்தப் பழுப்பு நாயை, பகோவைத் தாண்டி வயல்வெளியில் இருந்த ஒரு குடும்பத்துக்குக் காவலுக்காகக் கொடுத்தேன்.

மே மாத நடுவில் மண்டலேயிலிருந்து போன் வந்தது. ஒரு தமிழ் அம்மாள், எழுபது வயதிருக்கும். வீட்டின் பின்சுவர் விழுந்ததும் மகள் அவரை மேமியோவுக்கு அழைத்துப் போய்விட்டார். நாயை அங்கே வைக்க வசதியில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அந்தக் காப்பகத்தில் விடச் செய்திருக்கிறார். ஆதரவின்றித் திரிந்த நாயை யாரோ பிடித்துக் கொடுத்ததல்ல, ஐயா. நம்பி ஒப்படைத்த நாய். சுவரை எழுப்பிவிட்டு, அழைத்துப்போக வந்திருக்கிறார். காப்பகத்து அம்மையார் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தமிழ் அம்மாள் என்னைத் திட்டவில்லை. "மணி, ராத்திரியில் கதவைச் சாத்தினால் அழுவானே, அவர்களிடம் சொன்னீர்களா தம்பி?" என்றுதான் கேட்டார். எனக்கு நா எழவில்லை. அதன் பெயர் மணி என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

மறுநாளே பகோவுக்குப் போனேன். மே முதல் வாரத்துப் பெருமழையில் இடி இடித்தபோது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். பூமி ஆடியதை அனுபவித்த நாய் அது. இடியை என்னவென்று நினைத்ததோ! தேநீர்க் கடை, மடம், செங்கல் சூளை, ரயில் பாதை என்று நான்கு முறை போய்த் தேடியாகிவிட்டது. கிடைக்கவில்லை.

இந்தத் தவறை என்னைவிடப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைக் காட்ரீனா புயல் அழித்தபோது, அங்கிருந்த காப்பகம் ஒன்று தன்னிடம் ஏற்கெனவே இருந்த பிராணிகளைப் புயலுக்கு முன்பே ஹூஸ்டனுக்கு அனுப்பி இடத்தைக் காலி செய்தது. சரியான வேலை. ஆனால் புயலுக்குப் பின் வீடுகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மீட்டவற்றையும் வெகுதூர மாநிலங்களுக்கு அனுப்பி வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். வீட்டையும் இழந்து நாயையும் தேடி அலைந்தவர்கள், அது வேறொருவரிடம் இருப்பதைக் கண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணி வைத்திருப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

ஆகவே, அந்த அறிவிப்பைக் கொடுத்தவர்களுக்குத் தங்கள் மூலமாகச் சொல்ல விரும்புகிறேன். பேரிடருக்கு முன்பே காப்பகத்தில் இருந்த பிராணி வேறு, பேரிடரில் வழி தவறி வந்த பிராணி வேறு. முதலாவதை எவ்வளவு விரைவாக வெளியூர் அனுப்பி வீடு பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டாவதை அந்த ஊர் எல்லையைத் தாண்ட விடாதீர்கள். உரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், முகாமில் இருக்கலாம், மகள் வீட்டில் இருக்கலாம். ஏழு நாளில் எப்படி வருவார்? குறைந்தது மூன்று மாதம் வேண்டும். இடமில்லை என்றால் அக்கம்பக்கத்து வீடுகளில், உரியவர் வந்தால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வைத்திருக்கக் கொடுங்கள்.

பிடித்த உடனே, குளிப்பாட்டுவதற்கு முன், கயிற்றையோ மணியையோ கழற்றுவதற்கு முன், படம் எடுங்கள். மருந்துக்கடைப் பிளாஸ்திரி போதும்: அதில் அழியாத மையால் எண் எழுதிக் கழுத்துப் பட்டையில் சுற்றிவிடலாம். எந்தத் தெரு, எந்தத் தேதி, கொண்டுவந்தவர் யார் என்று அதே எண்ணில் ஒரு நோட்டில் குறியுங்கள். எந்த மொழிக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள். படங்களைக் கைப்பேசியில் மட்டும் போட்டால் போதாது. மண்டலேயில் பல நாள் கைப்பேசிக்கு மின்சாரமே இல்லை. கோயில், மடம், பள்ளிவாசல், மாதாகோயில் வாசலில் ஒட்டுங்கள்.

வந்த அன்றே வெறிநாய்த் தடுப்பூசி போடவேண்டும். அந்த நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது. யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போகவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பவேண்டாம்.

பூனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனை தூரம் போகாது. இரண்டு மூன்று வீட்டுக்குள் ஏதோ ஓர் இடுக்கில் சத்தமே இல்லாமல் ஒடுங்கியிருக்கும். ஊர் அடங்கிய பின்னிரவில், வீட்டுக்காரர் உடுத்திய துணியையும் கொஞ்சம் கருவாட்டையும் இடுக்கின் வாயில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் வரும்.

தங்கள் பத்திரிகையை பர்மாவில் நாங்கள் பலர் கைப்பேசியில் படிக்கிறோம். அதனால் ஒரு வேண்டுகோள். பகோவிலிருந்து தௌங்கு வரை ரயில் பாதையை ஒட்டி இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது இதைப் பார்த்தால்: பழுப்பு நிற ஆண் நாய், நடுத்தர உயரம், மார்பில் உள்ளங்கை அளவு வெள்ளை, வலக் காதின் நுனி மடிந்திருக்கும். இரவில் கதவைச் சாத்தினால் அழும். "மணி, வாடா" என்று தமிழில் கூப்பிட்டுப் பாருங்கள். வந்தால், பக்கத்துக் கோயிலில் சொல்லிவிடுங்கள். அந்த வழியில் இருக்கும் கோயில்களில் எல்லாம் என் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
யாங்கூன்