ஆவாப் பாலமும் அனுப்பாமல் போன நாட்காட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வந்திருந்த கட்டுரையை எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒரு தேக்குத் தூணில் சாய்ந்தபடிதான் படித்து முடித்தேன். பர்மா தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று எங்கள் ஊர்களைப் பற்றி எழுதுகிற எவரும் விடாமல் சொல்லும் வரிசை அதிலும் இருந்தது. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பர்மா, இன்றைய மியான்மர், என்ற பெயர் மீண்டும் மீண்டும் வந்தும், அது ஏதோ மரக்கிடங்கின் பெயர் போல வந்து போயிற்றே தவிர, அங்கே இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதற்கோ, 2025 மார்ச் 28 அன்று நிலநடுக்கத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கோ ஒரு வரியும் இல்லை. அந்தக் குறையைச் சுட்டத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதும்போது, குறை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2019-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த கையோடு, நானும் என் மனைவியும் என் தமக்கையும் பாங்காக் வழியாக மாண்டலே நகருக்குச் சென்று எட்டு நாள் தங்கிவிட்டு வந்தோம். பணி ஓய்வுக்குப் பிறகு நாங்கள் போன முதல் வெளிநாட்டுச் சுற்றுலா அதுதான். சிங்கப்பூரையும் மலேசியாவையும் விட்டுவிட்டு அங்கே போனதற்குக் காரணம் எங்கள் ஐயா, அதாவது என் தகப்பனாரான அப்பச்சியின் தந்தையார். வட்டிக்கடையின் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, படிப்படியாகக் கணக்கெழுதும் ஆளாகி, கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன இடத்திலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர் அவர். 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது மாண்டலேயிலிருந்து நடையாகப் புறப்பட்டு, ஐராவதியின் மேல் இருந்த ஆவாப் பாலத்தைக் கடந்து, மோனிவா, கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து ஊர் வந்து சேர்ந்தவர். அந்த ஏப்ரல் 3-ஆம் தேதி, பெரிய வெள்ளியன்று, மாண்டலேயின் மேல் குண்டுகள் விழுந்து நகரே பற்றி எரிந்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாலத்தின் நடுவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்ததையும், பிறகு திரும்பவே இல்லை என்பதையும் எங்கள் திருமணங்களில்கூட யாராவது கேட்டுவிட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார்.

1934-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தை, ஐயா கடந்த சில நாள்களிலேயே, பின்வாங்கிய ஆங்கிலேயர் படை தகர்த்தது; 1954-இல் பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள். சகாயிங் குன்றில் ஏறி நின்று பார்த்தபோது ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள் தெரிந்தன. புதியது எங்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. பழைய பாலத்தின் இரும்பு வளைவுகளைப் பார்த்துக்கொண்டு தமக்கை வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, கொண்டு போயிருந்த முறுக்கைப் பிரித்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமும் அப்படித்தான் முடியும்.

அந்த எட்டு நாளையும் நாங்கள் மகிழ்ச்சியாகவே கழித்தோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மகாமுனி புத்தர் திருவுருவத்தின் மேல் பொன்தாள் ஒட்ட ஆண்களை மட்டுமே அனுமதிப்பார்கள். பெண்கள் வெளிக்கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சித் திரையில் பார்க்க வேண்டும். அதில் தமக்கைக்கு இருந்த வருத்தம் சொல்லி மாளாது. நான் உள்ளே போகும்போது, "ஐயா இங்கேருந்து கொண்டாந்ததுல ஒரு துளியாவது திருப்பி ஒட்டிட்டு வா" என்றார். மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும் அளவு மெல்லிய தாள் அது. பாதி திருமேனியிலும் மீதி என் கட்டைவிரலிலும் ஒட்டிக்கொண்டது. கேலியாகச் சொன்னாலும் தமக்கை சொன்னதில் நியாயம் இருந்தது. 1930-இல் நெல்விலை வீழ்ந்த பிறகு, கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம், 1930-களின் பிற்பகுதிக்குள் கடனுக்கு ஈடாக, வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களான எங்களவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த நிலத்தை உழுதவர்கள் எங்களை எப்படி நினைத்திருப்பார்கள் என்பதை எங்கள் வீட்டுக் கதைகள் சொல்வதில்லை.

அமரபுராவில் உபெய்ன் பாலத்தின் மேல் மாலை வெயிலில் நடந்தோம். ஆவா அரண்மனையைப் பிரித்தெடுத்த தேக்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். ஒரு தூணை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வெயிலும் மழையும் தின்று எஞ்சிய அதன் வரிகள், எங்கள் வளவுத் தூணில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத அடிப்பகுதியில் தென்படும் அதே வரிகள்தாம்.

இன்று நினைக்கும்தோறும் என்னை உறுத்துவது, மிங்குனில் எடுத்த படம். போதவ்பயா மன்னர் 1790-இல் தொடங்கி முடிக்காமல் விட்ட புத்தத் தூபியான அந்தச் செங்கல் மலையை, 1839 மார்ச் மாதத்து நிலநடுக்கம் மேலிருந்து கீழாகப் பிளந்து போட்டது. அருகில் இருக்கும் பெரிய மணியின் எடை 55,555 வீசை என்று எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் சொன்னார். வீசை என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும், அது நம் ஊர்ச் சந்தையிலிருந்து போன சொல் என்று நான் அவருக்கு ஒரு பாடமே நடத்தினேன், நாற்பது ஆண்டு ஆசிரியர் வேலையின் மிச்சம். அந்த மணியும் 1839-இல் தாங்கியிலிருந்து விழுந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தரையிலேயே கிடந்தது. பூமிக்கடியில் ஒரு பிளவு தெற்கு வடக்காக நாட்டின் நடுவே ஓடுகிறது, சகாயிங்கின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள், அது மீண்டும் அசையும் என்று அந்த இளைஞர் விளக்கத் தொடங்கியபோது, மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று நான் குறுக்கிட்டேன். பிறகு நாங்கள் மூவரும் அந்தச் செங்கல் மலையின் பிளவு வாயில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தைச் சட்டமிட்டு முகப்பில் மாட்டியும் வைத்திருந்தேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், அந்த இளைஞர் சொன்ன பூமிக்கடிப் பிளவு அசைந்தது. அளவு 7.7, பூமிக்கடியில் பத்து கிலோமீட்டர் ஆழம், மாண்டலேயும் சகாயிங்கும் அதன் வாய்க்கு நேரே இருந்தன. ரமலான் மாதத்தின் கடைசி வெள்ளி என்பதால் பள்ளிவாசல்கள் நிறைந்திருந்த வேளை அது. அவற்றில் பல தொழுகையாளர்கள் மேலேயே இடிந்தன. துறவிகள் தேர்வெழுதிக்கொண்டிருந்த மடாலயக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. மகாமுனிக் கோயில் சேதமடைந்தது, அரண்மனை மதில் சரிந்தது, ஐயா திரும்பிப் பார்த்த ஆவாப் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். உபெய்ன் மரப்பாலம் நின்றது என்று படித்தபோது எனக்குள் எழுந்த ஆறுதலை நினைத்து உடனே வெட்கப்பட்டேன்.

அந்த இரண்டு மூன்று நாள் நம் தொலைக்காட்சிகளில் நாம் கண்டது பெரும்பாலும் பாங்காக்கைத்தான். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக் கட்டடம் ஒன்று புழுதியாக இறங்கிய காட்சியை எத்தனை முறை காட்டினார்கள் என்று எண்ண முடியாது. மாண்டலேயில் காட்சி எடுக்க ஆளில்லை, இணையம் இல்லை, உள்நாட்டுப் போர் வேறு. அதை நான் அறிவேன். நம் அரசு 'ஆபரேஷன் பிரம்மா' என்ற பெயரில் மீட்புப் படையினரை அனுப்பியதும், நம் ராணுவ மருத்துவர்கள் மாண்டலேயிலேயே கள மருத்துவமனை அமைத்ததும் செய்தியாக வந்தன. அதன்பின் அந்த நகரம் செய்தித்தாள்களிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது தேக்காக மட்டும் இணைப்பிதழில் திரும்பி வந்திருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாண்டலேயில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன, 1964-இல் அங்கிருந்த இந்தியர்கள் பெருமளவில் கப்பலேறியபோது போக முடியாமலோ மனமில்லாமலோ தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள், எந்தக் கோயில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், தங்கள் நாளிதழ் விசாரித்து வெளியிடலாம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அதை எழுத்துக்கூட்டியாவது படிக்கும் கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்.

இதில் என் சொந்தக் காரியமும் ஒன்று உண்டு. கோயில் ஒன்றின் அருகே தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு தமிழரை அந்தப் பயணத்தில் சந்தித்தோம். அவருடைய மனைவி நெற்றியில் குங்குமமும் இரு கன்னங்களிலும் தனக்கா என்னும் மரப்பட்டைப் பூச்சுமாக நின்று தேநீர் ஆற்றினார். கடைச் சுவரில் நம் ஊர்த் தினசரி நாட்காட்டியின் அட்டை ஒன்று தொங்கியது. தாளெல்லாம் எப்போதோ கிழித்துத் தீர்ந்து, முருகன் படம் மட்டும் எஞ்சியிருந்தது. "ஐயா, ஊருக்குப் போனா ஒரு கிழிக்கிற காலண்டர் அனுப்புவீங்களா? ராகு காலம், நல்ல நேரம் பாக்க இங்கே ஒண்ணும் கிடைக்கலே" என்று கேட்டார். அனுப்புவதாகச் சொன்னேன். அவர் குடும்பத்தோடு எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புவதாக நானாகவே சொன்னேன்.

ஊர் வந்ததும் நாட்காட்டியும் வாங்கினேன், படத்தையும் பிரதி எடுத்தேன். அஞ்சலகத்தில் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். படிக்கும் கண்ணாடியை எடுத்துப் போகாததால், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லித் திரும்பினேன். அடுத்த வாரம் தமக்கைக்கு உடல்நலம் குன்றியது. ஆண்டு பாதி கழிந்த பிறகு பழைய நாட்காட்டியை அனுப்புவானேன், 2020-க்குப் புதிதாக வாங்கி அனுப்பலாம் என்று விட்டேன். பிறகு கொரோனா; 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவ ஆட்சி. நிலநடுக்கத்துக்கு அடுத்த நாள்தான் அந்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்தேன். அன்று முதல் அந்தக் கடையின் எண்ணுக்கு எத்தனையோ முறை அழைத்துவிட்டேன். மணி அடிப்பதே இல்லை.

எந்தெந்தத் தெருக்களில் கட்டடங்கள் விழுந்தன என்று ஆங்கிலச் செய்திகளில் வந்த பட்டியல்களை என் பேரன் எடுத்துத் தந்தான். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பொட்டலத்தின் மேலிருந்த முகவரிச் சீட்டை விளக்கருகே கொண்டுவந்தேன். அந்தக் கடைக்காரரின் மகள் பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக, மிக அழகாக எழுதித் தந்த சீட்டு அது. அதில் எது தெரு, எது ஊர் என்று எனக்குத் தெரியவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை.