பில் கவுண்டரில் குதிக்கும் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் மருந்துக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதித் தருபவள் நான். திரை நடுவில் திடீரென்று குதித்துக் கேள்வி கேட்கும் சின்னப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் தொழிலில் இருப்பவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மருந்துக் கடைக் கவுண்டரைப் பாருங்கள். டாக்டர் சீட்டை நீட்டியபடி ஏழெட்டுப் பேர். பில் போடும் பெண் பாதியில் வேறொரு பில்லைத் திறக்கிறாள். “இந்த பில்லைச் சேமிக்காமல் மூடவா?” என்று பெட்டி வருகிறது. கீழே யெஸ், நோ, கேன்சல். நின்று வாசிக்க அங்கே நேரம் இல்லை. கை தானாக என்டரைத் தட்டுகிறது. என்டர் நிற்பது முதல் பொத்தானில். போட்ட மருந்து அத்தனையும் போச்சு. முதலாளி அவளைத் திட்டுகிறார். தப்பு அவளுடையது அல்ல, அந்தப் பெட்டியை எழுதியவருடையது.

“சேமி”, “சேமிக்காதே”, “பில்லுக்குத் திரும்பு” என்று செய்யப்போவதைப் பொத்தானிலேயே எழுதிவிட்டால், கேள்வியைப் படிக்காதவர்கூடத் தப்பிப்பார். விண்டோஸின் பழைய கேள்விப் பெட்டியான மெசேஜ்பாக்ஸில் ஓகே, யெஸ், நோ மாதிரி தயார் பொத்தான்கள் மட்டும்தான். ஆனால் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்த 2007 முதலே டாஸ்க் டயலாக் என்ற புதுவகைப் பெட்டி இருக்கிறது. அதில் பொத்தானில் நாம் விரும்பியதை எழுதலாம், தமிழிலும் கன்னடத்திலும்கூட. 2020-இல் மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் 5 வந்தபின், விண்டோஸ் திரைகளை அமைக்க உதவும் அதன் வின்ஃபார்ம்ஸ் தொகுப்பிலேயே இந்தப் பெட்டி கிடைக்கிறது. இனியும் யெஸ், நோ என்று விடுவது சோம்பல்.

எழுத்தை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை விண்டோஸ் ஓர் எண்ணாக நிரலுக்குச் சொல்லும். எஸ்கேப் தட்டினாலும், மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலும் அது தருவது கேன்சலுக்குரிய 2 என்ற எண்ணைத்தான். “பில்லை அழி” பொத்தானுக்கும் அதே 2-ஐ வைத்திருந்த நிரல் ஒன்றைப் பார்த்தேன். ஒன்றும் வேண்டாம் என்று பெட்டியை மூடினால் பில் அழியும்! க்யூடி (Qt) என்ற நிரல் தொகுப்பில் எழுதுகிறவர்கள், சொந்தப் பொத்தான் சேர்த்த பிறகு, பெட்டியைக் காட்டும் எக்ஸெக் (exec) கட்டளை தரும் எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. அழுத்தப்பட்ட பொத்தான் எது என்று கிளிக்டுபட்டன் (clickedButton) கட்டளையிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். அழிக்கும் பொத்தானில் என்டர் ஒருபோதும் நிற்கக் கூடாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெமோ காட்ட வருபவரிடம், பாதி பில்லில் வெளியேறச் சொல்லி, பெட்டி வந்ததும் முதலில் எஸ்கேப்பையும் மறுபடி என்டரையும் தட்டச் சொல்லுங்கள். பில் அப்படியே இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு