மாம்பழச் சந்திப்பு: மே 17, ஞாயிறு

1975 எஸ்.எஸ்.எல்.சி. நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டும் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் தோப்பில்தான் கூடுகிறோம். காலை 7.30 மணிக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள், 11 மணிக்கெல்லாம் கலைந்துவிடலாம்.

1. செந்தூரா முடியும் தறுவாயில் இருக்கிறது. மல்கோவாவும் இமாம்பசந்தும் வந்துவிட்டன. எல்லாம் வைக்கோலில் பழுத்தவை. கார்பைடு கல் பக்கமே போகவில்லை. காம்புப் பால் வாயை அரிக்கும் என்பதால் விடியற்காலையிலேயே தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவோம்.
2. நுங்கு அங்கேயே சீவித் தரப்படும். கட்டைவிரலால் நோண்டித் தின்பவர்கள் மாற்றுச் சட்டை கொண்டுவரவும். ஸ்பூன் கேட்பவர்களுக்கு என் அனுதாபம்.
3. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம். 'ஒரு துண்டு போதும்' என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள். நான் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன்.
4. தலைக்கு 250 ரூபாய். துண்டும் துணிப்பையும் அவசியம்.
5. கார் வேண்டுவோர் 7 மணிக்குப் புதிய பஸ் நிலையத்தின் முன் நிற்கவும்.

வருபவர்கள் புதன்கிழமைக்குள் பெயரைப் பதிவிடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் வருகிறீர்களா, வாழ்த்துகிறீர்களா என்று புரிவதில்லை. குழுவைப் பார்க்காத நண்பர்களுக்கு அருகில் இருப்பவர் தொலைபேசியில் சொல்லிவிடவும்.