அண்ணாச்சி நினைவுத் திருப்பணி: நிறைவு அறிக்கையும் கணக்கும்

அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஹாக்கி மைதானத்துப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்து, மண்டலாபிஷேகம் 48 நாளும் நிறைந்துவிட்டது. விமானம், கலசம், அஷ்டபந்தனம், வர்ணம், மின்விளக்கு எல்லாம் சொன்ன நாளில், சொன்ன தொகைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கேள்வியெல்லாம் மண்டபத்து அஸ்திவாரத்தைப் பற்றித்தான். திருப்பணி மொத்தத்துக்கும் 14,50,000 ரூபாய் என்று மதிப்பீடு காட்டிவிட்டு 19,40,000 எப்படி ஆயிற்று, மண்ணுக்குள் போனது எவ்வளவு, யார் பைக்குள் போனது எவ்வளவு என்று டீக்கடையில் பேச்சு. கடைசிக் கேள்வி என் காதில் விழவேண்டும் என்றே கேட்கப்பட்டது. விழுந்தது. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்காரர்களுக்குக் கரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பழைய மண்டபத்தை, தீப்பெட்டி ஆபீஸ் நடத்தி, இந்த மைதானத்தில் பிள்ளைகளை ஹாக்கி ஆடவைத்த நம் அண்ணாச்சி கட்டியபோது மூன்றடிதான் தோண்டினார்கள். "அன்னைக்குக் கையில இருந்தது அம்புட்டுத்தான்" என்பார். வடக்குச் சுவரில் இரண்டு விரல் நுழையும் விரிசல் விழுந்தது அதனால்தான். சித்திரையில் வாய் திறக்கும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். சிமெண்டு வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். பூசி மெழுகியிருந்தால் இரண்டு லட்சத்தில் முடிந்திருக்குமே என்பவர்கள் அந்தச் சுவரைக் கார்த்திகையில் மட்டும் பார்த்தவர்கள்.

காண்ட்ராக்டரிடம் மொத்தமாகப் பேசிக் கொடுத்தோம். ஒப்பந்தத்தில் அஸ்திவாரத்துக்கு "தேவையான ஆழம்" என்று இருக்கிறது. எத்தனை அடி என்று இல்லை. அதை எழுதியவன் நான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விடைத்தாளில் "அளவு எங்கே?" என்று சிவப்பு மையில் சுழித்தவன், என் தாளில் விட்டுவிட்டேன்.

ஆவணியில் ஐந்தடிக் குழி எடுத்து, கான்கிரீட் போடக் கலவை மெஷினும் வந்து நின்றது. நம் கமிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் குழிக்குள் இறங்கினார். அடித்தரையிலும் வெடிப்பு ஓடியிருந்தது. மேலே நின்ற பையனிடம் ஹாக்கி மட்டையை வாங்கி வெடிப்புக்குள் விட்டார். மட்டை முழுக்க இறங்கி, பிடி மட்டும் வெளியே நின்றது. "இதுக்கு மேலயாய்யா தூண நிறுத்தப் போறீய?" என்று கேட்டார். காண்ட்ராக்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார். இன்னும் தோண்டச் சொன்னோம். ஒன்பதரை அடியில்தான் சுக்கான், கெட்டியான சுண்ணாம்புப் பாறை, தட்டியது.

ஐந்தடிக்கு மேல் தோண்டியதற்குத் தனியாக 2,25,000 வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். மொத்தக் காண்ட்ராக்டில் தனி ஏது என்றோம் நாங்கள். மெஷினையும் சென்ட்ரிங் தகடுகளையும் ராத்திரியோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 41 நாள் வேலை நின்றது. அதற்குள் ஐப்பசி மழை. குழிகளில் தண்ணீர் நின்று பக்கங்கள் சரிந்தன. மோட்டார் வைத்து இறைத்து, சரிந்ததை அள்ளி, மறுபடி சுக்கானைக் கண்ணால் பார்க்க மட்டும் 38,000.

அவர் பொருளாளருக்கு உறவு என்பது உண்மை. தூரத்து மைத்துனர் முறை. வந்த மூன்று கொட்டேஷன்களில் அவருடையதுதான் குறைவு. மூன்றும் நோட்டில் ஒட்டியிருக்கின்றன. உறவால் அவருக்குச் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை. பொருளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வராததுதான் மிச்சம்.

வேலையைப் பாதியில் போட்டுப் போனவருக்கு எதற்கு 1,10,000 கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். கொடுக்கச் சொன்னது அண்ணாச்சி வீட்டு ஆச்சி. இரண்டு தரப்பும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஆச்சி எங்கள் யாருக்கும் காபி தரவில்லை. "நாப்பது வருசம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துனாவ. சனிக்கிழமைக் கூலி ஒருநாளும் ஞாயித்துக்கெழமைக்குப் போனதில்ல. குழி தோண்டுனவனுக்கு மொதல்ல குடுங்க. பெறகு நீங்க எம்புட்டு வேணாலும் சண்ட போடுங்க" என்றார்கள். தோண்டியவர்களின் கூலிக் கணக்கைத் தனியே போட்டுப் பார்த்தோம். 1,10,000 வந்தது. ஆட்களை வரவழைத்து அவரவர் கையில் கொடுத்து, கையெழுத்தும் ரேகையும் வாங்கியிருக்கிறோம். காண்ட்ராக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மீதி வேலையை உள்ளூர்க் கொத்தனாரே முடித்தார். கம்பி, கான்கிரீட், குழியைச் சுற்றி நிரப்பிய சரள் எல்லாம் 2,10,000.

அடுத்த புகார் படிகள். மண்டபத்தின் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து படி, 85,000. கோயில் மண்டபமா, கேலரியா என்கிறார்கள். இரண்டும்தான். பிள்ளையார் கிழக்கே மைதானத்தைப் பார்த்து இருக்கிறார். சாமிக்கு முதுகைக் காட்டி உட்காரக்கூடாது என்றுதான் நடுவழியை விட்டு, தெற்கிலும் வடக்கிலும் படி வைத்தோம். அண்ணாச்சி உட்கார்ந்த இடம் தெற்குப் பக்கம். "பிள்ளையாரும் நம்மளோட சேந்து ஆட்டம் பாக்காரு, மறைக்காதிய" என்று பிள்ளைகளை விரட்டுவார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் சங்கு ஊதினால், கால் மணி நேரத்தில் அவருடைய டிவிஎஸ் 50 மைதானத்தில் நிற்கும். முன்னால் பேத்தி, பின்னால் கடலை மிட்டாய் டின். உடைந்த மட்டைகளை மடியில் போட்டு, பசை தடவித் துணி டேப்பை ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி இறுக்கிச் சுற்றுவார். சுற்றி முடித்ததும் பல்லால்தான் டேப்பை அறுப்பார், கத்தரி பக்கத்திலேயே கிடக்கும். அவர் ஆடிப் பார்த்தவர்கள், பந்தைவிட ஆளைத்தான் அதிகம் அடித்தார் என்பார்கள். நான்கு மகள்களையும் அரைக்கால் சட்டை போடவைத்து இறக்கியபோது தெருவே முணுமுணுத்தது. முணுமுணுத்த வீட்டுப் பேத்திகள் இப்போது இங்கேதான் ஆடுகிறார்கள். 2022 ஆசியக் கோப்பையில் நம்மூர் மாரீஸ்வரன் இந்தியாவுக்கு ஆடினபோது டின் மூன்று தரம் காலியானது.

ஊரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கும்போது மண் தரைக்கு எதற்குச் செலவு என்ற கேள்விக்கும் அவரே பதில் வைத்திருந்தார்: 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிலிருந்து உலகம் செயற்கைத் தரைக்குப் போய்விட்டது, ஆனால் ஆறு வயசுப் பிள்ளை வீட்டிலிருந்து நடந்து வருவது மண்ணுக்குத்தான்.

நன்கொடையாளர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இங்கே ஊர் கூப்பிடுகிறபடி: சிமெண்டு 60 மூட்டை தந்த இரும்புக்கடைக்காரர், ஓடைப்பக்கத்துச் சரளை லாரி வாடகை வாங்காமல் அடித்தவர், மார்க்கெட் பலசரக்குக்கடைகள் ஏழு, பாத்திரக்கடை அண்ணன் தம்பி இருவரும் (தனித்தனி ரசீது கேட்டார்கள், கொடுத்தோம்), பத்திரிகை அச்சிட்டுத் தந்த சிவகாசிச் சம்பந்தி, ஹாக்கியால் ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்குப் போன பழைய ஆட்டக்காரர்கள் 23 பேர், மருமகன்மார் நால்வர், அன்னதானத்துக்கு அரிசி தந்த மில்காரர், அந்த அரிசியை வடித்த சமையல்காரர், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும், பெட்டி ஒட்டும் பெண்கள் 64 பேர், ஒருநாள் கூலி. தொகைப்படி அல்லாமல் கொடுத்த தேதிப்படி கல் வெட்டியதில் சிலருக்கு வருத்தம். முதல் ரசீது 100 ரூபாய், பெட்டி ஒட்டும் ஓர் அம்மாவுடையது. கல்லை மாற்றுவதாக இல்லை.

விலையேற்றம், சில்லறை வகை 47,000. ஆகக் கூடுதல் 4,90,000. வரவு 19,51,340. செலவு 19,40,000. கையிருப்பு 11,340. மழைக்குத் தெற்குப் பக்கத் தகரக்கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, அது இந்தக் கையிருப்பில் போகும்.

கணக்கு நோட்டும் பில்களும் இந்த மாதம் முழுக்க மண்டபத்தில் என்னிடம் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். சனி, ஞாயிறு ஆட்டம் உண்டு. பந்து படி வரைக்கும் வருகிறது, பார்த்து உட்காரவும்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டி