துடிப்பு இறங்கினால் உடனே அற்றோப்பினை எடுக்காதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. இங்கே காலபோக வெட்டு நடக்கிறது, ஏ9 வீதியோரம் முழுக்க நெல் காய்கிறது, அம்மாவும் சுகம். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

சைலசீன் என்ற மயக்கமருந்து போட்ட நாய்க்குத் துடிப்பு நிமிடத்துக்கு 50க்கு இறங்கினால், துடிப்பைக் கூட்டும் அற்றோப்பின் போடலாமா என்று கேட்டிருந்தாய். உடனே போடாதே. சைலசீன் முதலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றுகிறது, அதைப் பார்த்துத்தான் இதயம் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நேரம் அற்றோப்பினால் அதை விரட்டினால், ஏறிய பிரஷருக்கு எதிராக ஓடி இதயம் களைத்துப்போகும். பிரஷர் நன்றாக இருந்தால் பார்த்துக்கொண்டிரு, அதுவும் விழுந்தால் சைலசீனை முறிக்கும் மாற்றுமருந்தை யோசி. கருத்தடைச் சத்திரசிகிச்சையில் சூலகத்தை இழுக்கும்போது திடீரென்று துடிப்பு விழுவது வேறு விஷயம், இழுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் திரும்பிவிடும், திரும்பாவிட்டால்தான் அற்றோப்பின், கிலோவுக்கு 0.02 தொடக்கம் 0.04 மில்லிகிராம். அப்புறம் உடம்புச் சூட்டையும் பார். எங்கள் வெயிலிலும் வயிற்றை ஸ்பிரிற்றால் நனைத்துவிட்டால் சின்ன நாய் நன்றாகக் குளிர்ந்துபோகும், மிகவும் குளிர்ந்த இதயம் அற்றோப்பினைக் கேட்காது, சூடாக்கத்தான் வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பன்றி அடித்த நாய்கள். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கமிருந்து கொண்டுவருவார்கள், எல்லாருடைய கண்ணும் கிழிந்த தோலில்தான் இருக்கும். ஆனால் நெஞ்சில் அடி வாங்கிய இதயம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் தாளம் தப்பலாம். இரத்தம் நின்றிருந்தால் காயத்தைக் கழுவிக் கட்டி, சேலைன் ஏற்றி, நோவுக்கு மருந்து கொடுத்து, பெரிய தையலைத் தள்ளிப்போடச் சொல்லித்தான் நான் மன்றாடுவேன். மொனிற்றர் இல்லாவிட்டாலும் ஸ்ரெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் தொடை நாடியைப் பிடி, சத்தம் கேட்டும் நாடி வராத துடிப்புகள் அங்கே பிடிபடும். மூச்சோடு சேர்ந்து கூடிக் குறைவது நாய்க்கு இயல்பு, அதற்குப் பயப்படாதே.

இதயத்தின் கீழறையிலிருந்து வரும் தப்பிய துடிப்பு ஒன்றிரண்டு என்றால் முதலில் ஒக்சிசன், மயக்கத்தின் ஆழம், நோவு இவற்றைச் சரிபார். அவை தொடராக வந்து, வேகம் 180ஐத் தாண்டி, நாடியும் மெலிந்தால் அந்தத் துடிப்புகளை அடக்கும் லிக்னோகெயின் கிலோவுக்கு 2 மில்லிகிராம் மெதுவாக நாளத்தில் போடு. போத்தலை வாசித்துவிட்டு எடு மச்சான், அட்ரினலின் கலந்தது பக்கத்திலேயே இருக்கும். இதயம் மெதுவாக ஓடும்போது இடையில் வருகிற, மொனிற்றரில் அகலமாகத் தெரியும் துடிப்புக்கு மட்டும் லிக்னோகெயின் வேண்டவே வேண்டாம், அந்த நேரம் நாயின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் துடிப்புத்தான்.

நீ எழுதிய அந்த இருமுகிற கிழட்டுப் பொமரேனியனுக்குப் பல் பிடுங்க முன் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடு. எடுத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, இரவு பார்த்துவிட்டுக் கதைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்