மாவடு போட்ட கையோட எழுதறேன்

டேய் கண்ணா,

நேத்து போன்ல ஒழுங்கா பேச முடியல, உங்கப்பா பக்கத்துல நின்னு என்ன சொல்றான் என்ன சொல்றான்னு பிடுங்கிட்டே இருந்தாரு. மூணு நாளா லூஸ் மோஷன், டெல்லி வெயில்ல வெறும் தண்ணியும் கூல்ட்ரிங்ஸும் குடிச்சு படுத்துக் கிடந்தியாமே, பயாலஜி டீச்சர் பெத்த பிள்ளை!

இன்னிக்கு மாட்டுங்கா மார்க்கெட்ல மாவடு வந்திருந்துச்சு, ரெண்டு கிலோ உப்பு போட்டு குலுக்கி வச்சிருக்கேன். நான் சொட்டுத் தண்ணி ஊத்தல, ஆனா நாலு நாள்ல ஜாடில தண்ணி நிக்கும், வடு சுருங்கிடும். செல்லோட சவ்வு தண்ணிய விடும், உப்ப லேசுல விடாது, அதனால உப்பு ஜாஸ்தியா இருக்கற பக்கம் தண்ணி ஓடும். நீ குடிச்ச கூல்ட்ரிங்ஸ்ல இருக்கற அத்தனை சக்கரையும் உன் குடலுக்குள்ள இதே வேலையத்தான் பண்ணும், உடம்புத் தண்ணிய இழுத்து வெளிய விட்டுடும்.

குடல் செல்லுல ஒரு புரோட்டீன் இருக்குடா, உப்புல இருக்கற சோடியம் ரெண்டும் குளுக்கோஸ் ஒண்ணும் ஜோடி சேர்ந்து வந்தாத்தான் உள்ள விடும். அந்தாண்ட பக்கம் ஒரு பம்ப், செல்லோட எரிபொருளான ஏடிபிய செலவழிச்சு மூணு சோடியத்த வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்த உள்ள இழுக்கும், ஓயவே ஓயாது, அதனால செல்லுக்குள்ள சோடியம் எப்பவும் கம்மி, குடல்ல இருக்கறது தாதர் ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயின் ஏற்ற மாதிரி முண்டியடிச்சு உள்ள வரும், குளுக்கோஸும் அந்தத் தள்ளுல ஏறிடும், பின்னாடியே தண்ணி. காலராவே வந்தாலும் இந்த வழி கெடறதில்ல, அதுதான் விஷயமே. ராபர்ட் கிரேன்னு ஒரு விஞ்ஞானி 1960லயே இந்த ஜோடிக் கணக்க சொல்லிட்டாரு, ஆனா 1971ல பங்களாதேஷ் அகதிங்க இருந்த மேற்கு வங்காளத்துப் பொங்காவ்ல காலரா பரவி ட்ரிப்ஸ் பத்தாம போனப்போ டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைச்சு டிரம்ல வச்சு, கூட இருந்த சொந்தக்காரங்களையே குடிக்கக் குடுக்க வச்சாரு. 30 சதவீதம் செத்துட்டு இருந்த இடத்துல 4 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடுச்சு. எனக்கு கிளாஸ்ல இத சொல்றப்பல்லாம் தொண்டை அடைச்சுக்கும், பசங்க சிரிக்கும்.

மெடிக்கல்ல ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கு, அதே உப்பும் குளுக்கோஸும்தான், அதுல போட்டிருக்கற அளவு தண்ணில கரை, கண்ணளவு வேணாம். கிடைக்கலன்னா காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டர், சக்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடிடக்கூடாது. நாளைக்கும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட போ, அப்புறம் போன் பண்ணு.

நாலாவது மாடி மாமி அடுத்த வாரம் டெல்லி வர்றாங்க, வடு குடுத்து விடறேன், வயிறு சரியாகற வரைக்கும் தொடாத.

அம்மா